மூடப்போவது தெரிந்திருந்தும்

2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தமான் நிக்கோபார் தீவுகள் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடிவிடுவது; அதில் மிச்சமிருந்த 836 ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்திலோ விருப்ப விலகல் திட்டத்திலோ கணக்கு முடித்து அனுப்புவது. இந்தியாவின் மற்ற பகுதிகளில் இதைச் செய்தியாகப் படித்தவர்கள் குறைவு. ஒரு பெருநகரத்தில் 836 வேலை போவது பெரிய விஷயமாகத் தெரியாது. லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலும் நிக்கோபாரின் கச்சாலிலும் அந்த எண்ணுக்கு வேறு கனம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி மூடினால் அதே சாலையில் இன்னொரு கம்பெனி கேட்டில் பயோடேட்டாவோடு போய் நிற்கலாம். ஹட் பேயில் இன்னொரு கேட் கிடையாது. அடுத்த வேலை என்பது கப்பலேறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது.

கம்பெனி மூடினால் தொழிலாளி என்ன செய்வது என்ற கேள்வியை நம் பத்திரிகைகள் பெரும்பாலும் தனிமனிதரின் பிரச்சினையாக்கி எழுதுகின்றன. மனதைத் தளரவிடாதீர்கள், புதுத் திறமை கற்றுக்கொள்ளுங்கள், செலவைச் சுருக்குங்கள் என்பார்கள். தவறான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தமானிலும் தமிழ்நாட்டிலும் நடந்த மூடல்களை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. பெரும்பாலான மூடல்கள் திடீரென வருவதில்லை. வரப்போவது பல ஆண்டுகளுக்கு முன்பே நிர்வாகத்துக்கும் அரசுக்கும் தெரியும். தொழிலாளிக்கும் அரசல்புரசலாகத் தெரியும். அந்த இடைக்காலத்தை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான், பிறகு அந்தக் குடும்பங்கள் நிமிர்கின்றனவா நொடித்துப்போகின்றனவா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்தமானின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காடும் தோட்டமும்தான் இங்கே முதல் முதலாளிகள். சாத்தம் தீவின் மர அறுவை ஆலை 1883-ல் தொடங்கியது. காட்டு வேலைக்கு ஆள் போதாமல் 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து ஆதிவாசிகளை அழைத்து வந்தார்கள். அவர்களுடைய வழிவந்தவர்களைத் தீவுகளில் இன்றும் 'ராஞ்சி' என்றே சொல்கிறார்கள். தீக்குச்சிக்கு மரம் சீவத் தீப்பெட்டி நிறுவனமான விம்கோ வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பம்பூ ஃப்ளாட்டிலும் பக்குல்தலாவிலும் லாங் ஐலண்டிலும் ஒட்டுப்பலகை ஆலைகள் எழுந்தன. 1977-ல் அரசே வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. கழகத்தின் கையில் மூன்று வேலைகள் இருந்தன: மரம் வெட்டி விற்பது, லிட்டில் அந்தமானில் ஏறக்குறைய 1,600 ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை வளர்ப்பது, கச்சாலில் சுமார் 600 ஹெக்டேரில் ரப்பர் பால் எடுப்பது. வருமானத்தில் முக்கால் பங்கு மரத்திலிருந்துதான் வந்தது.

கச்சால் ரப்பரின் பின்னே தமிழர் வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. நீலகிரிக்கும் கூடலூருக்கும் வால்பாறைக்கும் வந்தவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். அவர்களில் சில பத்துக் குடும்பங்கள் கச்சாலில் குடியமர்த்தப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையில் பால் வெட்டிய கைகள் வங்கக் கடலுக்கு அப்பால் வந்தும் பால் வெட்டின. நிக்கோபார் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியார் அங்கே நிலம் வாங்க முடியாது. நியாயமான சட்டம்தான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளியின் பக்கமிருந்து பாருங்கள்: உழைப்பதும் குடியிருப்பதும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. வேலை போனால், சேர்த்த காசில் பக்கத்திலேயே ஒரு சென்ட் வாங்கிக் குடிசை போட வழியில்லை.

2001 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. நிலவரத்தைப் பார்த்துவர ஷேகர் சிங்கை ஆணையராக நியமித்தது. அவருடைய அறிக்கையின் அடிப்படையில் 2002 மே 7 அன்று வந்த உத்தரவு தீவுகளின் பொருளாதாரத்தையே திருப்பிப் போட்டது. பழங்குடியினர் காப்பகங்களில் மரம் வெட்டக் கூடாது. தீவுவாசிகளின் தேவைக்கு மேல் மரம் எடுக்கக் கூடாது. பிரதான நிலப்பரப்புக்கு மரம் ஏற்றக் கூடாது. எண்ணெய்ப்பனை, ரப்பர் போன்ற ஒற்றைப்பயிர்த் தோட்டங்களைப் படிப்படியாகக் கைவிட வேண்டும். லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடி மக்களின் காட்டுக்குள் கோடரி நுழைந்துகொண்டிருந்தது; இந்த உத்தரவு இல்லாவிட்டால் அது நின்றிருக்காது. காட்டைக் காப்பாற்றிய அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பதற்கு அது தடையாக இருக்க வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2002 மே மாதமே கழகத்தின் மூன்று கால்களும் ஒடிக்கப்பட்டுவிட்டன. மூடும் முடிவு வந்தது 2017 ஆகஸ்டில். நடுவே 15 ஆண்டுகள். அதற்குள் 2004 டிசம்பரில் சுனாமி வந்து கச்சாலையும் ஹட் பேயையும் உருக்குலைத்தது. கழகம் சம்பளம் கொடுக்கக்கூட மத்திய அரசிடம் கடன் வாங்கும் நிலைக்கு வந்தது. கடன் ஏற ஏற நஷ்டம் ஏறியது. நஷ்டம் ஏற ஏற மூடுவதற்கான காரணம் வலுத்தது. 2002-ல் முப்பது வயதில் இருந்த ஒரு தொழிலாளிக்கு 2017-ல் வயது நாற்பத்தைந்து. முப்பதில் வேறு தொழில் பழகலாம், வேறு துறைக்கு மாற்றல் கேட்கலாம். நாற்பத்தைந்தில் இரண்டும் பாதி அடைத்த கதவுகள். சம்பளம் தட்டுத்தடுமாறியாவது வந்துகொண்டிருந்ததால் அந்த 15 ஆண்டுகளும் வேலை இருப்பதுபோலவே கழிந்தன. அரசு செலவழிக்காமல் இல்லை. அந்தப் பணம் ஆட்களை அடுத்த வாழ்க்கைக்குக் கொண்டுபோகும் பணமாகாமல், இருந்த இடத்திலேயே உட்காரவைக்கும் பணமாகிவிட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

இதே தவறு தமிழ்நாட்டில் இன்னும் நீண்ட அவகாசத்தோடு நடந்திருக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர் மலை அது. குத்தகை முடிவது 2028-ல் என்பது பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, இந்த வேலை என்றைக்கு முடியும் என்பது அங்கே கடைசியாகக் கொழுந்து பறித்தவர்கள் பிறப்பதற்கு முன்பே தெரியும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நான்கு தலைமுறைகள் அங்கே வாழ்ந்தார்கள். 1999 ஜூலை 23 அன்று அவர்களுடைய கோரிக்கைகளுக்காக நெல்லையில் போன ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களைப் பலி கொடுத்தது. 2018-ல் அந்த மலை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024 மே, ஜூன் மாதங்களில் கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவத்தைக் கையில் கொடுத்தது. ஜூன் 14-க்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்குப்பின் சில வாரங்களில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டை வனத்துறையிடம் ஒப்படைப்பதை உறுதிசெய்தது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. கீழே வீடு கொடுப்பது பற்றிய பேச்சு, மேலே வேலை நின்ற பிறகுதான் சூடுபிடித்தது.

டான்டீயின் நிலை மட்டும் என்ன? இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரவென்றே உருவான அந்த அரசு நிறுவனம் தன்னிடமிருந்ததில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று 2022-ல் முடிவாகியது. கச்சாலுக்குப் போனவர்களும் கூடலூருக்குப் போனவர்களும் ஒரே ஒப்பந்தத்தின் பிள்ளைகள். இரண்டு இடத்திலும் ஓய்வு பெறும் வயதில் அவர்களை எதிர்கொள்வது ஒரே கேள்வி: லயம் என்னும் தோட்டக் குடியிருப்பைக் காலிசெய்துவிட்டு எங்கே போவது?

சட்டம் இங்கே என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் நீண்ட காலம் ஆண்ட சட்டம். அதன்படி நிறுவனம் மூடினால், பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பு. அதைவிடப் பெரிய ஆலை, சுரங்கம், தோட்டம் என்றால் 90 நாளுக்கு முன்பே விண்ணப்பித்து அரசின் அனுமதி பெற வேண்டும். 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். இந்த 'பெரிய' என்பதன் அளவு 1976-ல் 300 தொழிலாளர்கள். எண்பதுகளில் அதை 100 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு மீண்டும் 300-க்குக் கொண்டுபோய்விட்டது. அரை நூற்றாண்டுச் சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். தீவுகளில் 300 பேர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்தால், அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி அங்கே யாரையும் தொடாது என்பது விளங்கும்.

இழப்பீட்டை ஒரு குடும்பத்தின் சமையலறைக்குள் வைத்துப் பார்க்கலாம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம், 24 ஆண்டு சர்வீஸ் என்று ஒருவரை நினைத்துக்கொள்வோம். மூடல் இழப்பீடு ஆண்டுக்கு 6,000 வீதம் 1,44,000 ரூபாய். கிராஜுவிட்டியை மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்கிடுவதால் அது ஏறக்குறைய 1,66,000. இரண்டும் சேர்ந்து 3,10,000. பி.எஃப். தனி, அது அவருடைய சொந்தச் சேமிப்பு. இப்போது மறுபக்கம். தோட்டத்தில் வீடு இலவசம். கீழே இறங்கினால் சின்ன வீட்டுக்கும் மாதம் 4,000 வாடகை, அதற்குமேல் முன்பணம். தோட்டத்தில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது, இப்போது பஸ் ஏற வேண்டும். விறகு இருந்தது, இப்போது சிலிண்டர். பின்புறத்தில் நாலு கோழி, ஒரு மாடு, கொஞ்சம் மரவள்ளி இருந்தன. குடியிருப்பு வாரியத்தின் மூன்றாவது மாடியில் கோழி வளர்க்க முடியாது. வாடகைக்கு மட்டுமே அந்த மூன்று லட்சம் ஆறரை ஆண்டு தாங்கும். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் முதலாளியின் கடமையாக்கியபோது, கூலியைத் தாழ்த்தி வைக்க அது ஒரு நியாயமாகவும் பயன்பட்டது. மூடும்போது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த கூலியை மட்டும் வைத்து இழப்பீடு கணக்கிடுகிறார்கள். வீடும் டிஸ்பென்சரியும் கணக்கில் வருவது அரிது. தோட்டத் தொழிலாளியின் நஷ்டத்தில் பாதி இந்த ஓட்டையில்தான் ஒழுகிப்போகிறது.

வி.ஆர்.எஸ். எனும் விருப்ப ஓய்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் பார்வையில் விருப்ப ஓய்வு ஆட்குறைப்பில் சேராது. படிவத்தில் கையெழுத்து விழுந்ததும் முன்னறிவிப்பு, அனுமதி போன்ற பாதுகாப்புகள் அந்தத் தொழிலாளிக்கு இல்லாமல் போகின்றன. அதனால்தான் மூட நினைக்கும் பல நிர்வாகங்கள் முதலில் வி.ஆர்.எஸ். நோட்டீஸை ஒட்டுகின்றன. கெடு போட்டு, கெடுவுக்குள் வந்தால் கூடுதல் தொகை என்று அறிவிப்பதும் இதனால்தான். தொகை சட்டப்படி கிடைப்பதைவிட அதிகமாக இருந்தால் வாங்குவதில் தவறில்லை. எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது தெரிந்து வாங்க வேண்டும்.

கூட்டாக நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஃபோர்டு சாட்சி. மறைமலை நகர் ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அந்த நிறுவனம் அறிவித்தது. அங்கே சுமார் 2,600 தொழிலாளர்கள். சங்கம் ஏறக்குறைய ஓராண்டு பேசியது, நடுவில் வேலைநிறுத்தமும் செய்தது. முடிவில் ஆண்டுக்குச் சராசரியாக 130 நாள் சம்பளம் என்ற அளவுக்குத் தொகை வந்து நின்றது. சட்டம் சொல்லும் 15 நாளோடு ஒப்பிட்டால் எட்டு மடங்குக்கு மேல். நிர்வாகத்துக்கு மனம் இரங்கியதால் வந்த வித்தியாசம் இல்லை அது. நிரந்தரத் தொழிலாளர்கள், ஒரே சங்கம், ஓடிக்கொண்டிருந்த லைன், முடிக்க வேண்டிய ஏற்றுமதி ஆர்டர் எல்லாம் சேர்ந்து கொடுத்த பேரம் பேசும் பலம். அதே வளாகத்தை நம்பியிருந்த உதிரிபாகக் கம்பெனிகளின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே கிடையாது.

நோக்கியாவின் கதை இன்னும் கூர்மையானது. ஒரே நிறுவனம் வெவ்வேறு நாடுகளில் மூன்று விதமாக வெளியேறியது. 2008-ல் ஜெர்மனியின் போகும் நகரில் 2,300 பேர் வேலை செய்த ஆலையை மூடுவதாக அறிவித்தபோது 15,000 பேர் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் செட்டில்மென்ட் 20 கோடி யூரோவைத் தொட்டது. அந்தச் சூடு பட்டபின், 2011-ல் உலகமெங்கும் ஆட்குறைப்பு வந்தபோது நோக்கியா 'பிரிட்ஜ்' என்ற திட்டத்தோடு வந்தது. உள்ளேயே வேறு வேலை, வெளியே வேறு வேலை, சொந்தத் தொழில், படிப்பு என்று பல வழிகள் வைத்தார்கள். தொழில் தொடங்க முன்வந்தவருக்கு 25,000 யூரோ வரை கொடுத்தார்கள். 13 நாடுகளில் 18,000 பேர் அதில் வந்தார்கள். சுமார் 1,000 புதுத் தொழில்கள் பிறந்தன. பத்தில் ஆறு பேருக்கு வேலையின் கடைசி நாளன்றே அடுத்தது என்னவென்று தெரிந்திருந்தது. அதற்கு நிறுவனம் செலவிட்டது 5 கோடி யூரோ. போகுமில் போனதில் நாலில் ஒரு பங்கு. தொழிலாளிக்கு முன்கூட்டி வழிகாட்டுவது முதலாளிக்கும் மலிவு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததோ வேறு. 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை. உச்சத்தில் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பெண்கள். வரித் தகராறில் சிக்கி, 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைபேசித் தொழில் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் வெளியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போனார்கள். நவம்பர் 1 அன்று லைன் நின்றது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது. ஊரிலிருந்து வந்து ஐந்தாறு பேராக வீடெடுத்துத் தங்கி, தம்பி படிப்புக்கும் அக்கா கல்யாணக் கடனுக்கும் பணம் அனுப்பிக்கொண்டிருந்த பெண்களில் பலர் திரும்பிப் போனார்கள். வேலை போனதோடு, கல்யாணத்தைத் தள்ளிப்போடும் உரிமையும் போயிற்று. சம்பளம் வாங்கும் பெண்ணின் பேச்சுக்கு வீட்டில் இருந்த எடை, செட்டில்மென்ட் பணம் தீர்ந்ததும் குறைந்தது. எந்த இழப்பீட்டுச் சூத்திரத்திலும் இது ஏறாது. 2019-ல் அந்த வளாகத்தை சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைக்க ஐந்து ஆண்டு போதுமாயிருந்தது. இருபத்தைந்து வயதில் வெளியே வந்த பெண்ணுக்கு அந்த ஐந்து ஆண்டு வேறு கணக்கு.

மனம் என்ன ஆகிறது என்பதற்கு இன்றளவும் வழிகாட்டியாக இருப்பது ஆஸ்திரியாவின் மாரியென்தால் கிராமத்தில் நடந்த ஆய்வு. 1930 வாக்கில் அங்கிருந்த துணி ஆலை மூடியது. கிட்டத்தட்ட ஊரே அதை நம்பியிருந்தது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசெல் மூவரும் அதைப் பற்றி எழுதிய நூல் 1933-ல் வெளிவந்தது. கையில் நேரம் நிறைய இருக்கிறதே, ஜனங்கள் நிறையப் படிப்பார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் நூலகத்தில் எடுத்த புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஜன்னலோரம் கடிகாரத்தோடு நின்று தெருவில் போகிறவர்களைக் கவனித்தார்கள்: ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நின்று நின்று போனார்கள், பெண்கள் வழக்கம்போல விறுவிறுவென்று நடந்தார்கள், ஏனென்றால் சமையலும் துவைப்பும் பிள்ளைகளும் அவர்களுக்கு நிற்கவில்லை. நிவாரணப் பணம் குறையக் குறைய, தளராமல் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக விரக்திக்குள் சரிந்ததையும் பதிவு செய்தார்கள். மனத் தைரியம் என்பது தனியாக நிற்கும் குணமில்லை, கையிருப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

பிற்கால ஆய்வுகள் அதற்கு எண் கொடுத்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிறுவனங்கள் மூடியோ பெருமளவில் ஆட்களைக் குறைத்தோ வேலை போனபோது, நீண்ட காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் சில ஆண்டுகள் கழித்தும் முன்பு கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தில் கால்வாசியை இழந்திருந்தார்கள் என்று 1993-ல் ஜேக்கப்சன், லலாண்ட், சல்லிவன் காட்டினார்கள். அதே மாநிலத்தில் சர்வீஸ் கூடிய ஆண்களின் இறப்பு விகிதம், வேலை போன மறு ஆண்டில் 50 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது என்று 2009-ல் சல்லிவனும் ஃபான் வாக்டரும் எழுதினார்கள். வேலையிழப்பை உயிர் தொடர்பான விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இந்த எண்களை வைத்துத்தான். அதிகம் சர்வீஸ் உள்ளவருக்கு அதிகத் தொகை கிடைக்கிறதே, அவருக்கென்ன கவலை என்று நம்மூரில் பேசுவதுண்டு. அதிகம் அடிபடுவது அவர்தான்.

சரி, கம்பெனி மூடியே விட்டது, அரசும் உதவவில்லை; அப்படிப்பட்ட இடங்களில் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? கேரளத்தின் பீருமேட்டில் 2000-ல் பீருமேடு டீ கம்பெனி தோட்டங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனது. தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த லயங்கள் அவை. கிராஜுவிட்டி வரவில்லை, சம்பளப் பாக்கி நின்றது. ஆனால் செடி நின்றது, கொழுந்து விட்டது. தொழிலாளர்கள் செடிகளைக் குடும்பவாரியாகப் பங்கிட்டுக்கொண்டு, பறித்த பச்சைக் கொழுந்தை விற்றுப் பிழைத்தார்கள். லயத்தின் கூரை ஒழுகி இடிந்தாலும் அவர்கள் மலையை விட்டு இறங்காமல் இருந்ததற்கு அந்தச் செடிதான் காரணம். மேற்கு வங்கத்தின் டூவார்ஸ் தோட்டங்களில் கமிட்டிகள் இதையே செய்தன. அங்கே மாநில அரசு, மூடிய தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மாதம் 1,500 ரூபாய் வரை நிதியுதவி என்று ஒரு திட்டமும் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்தத் தோட்டங்களிலிருந்து பட்டினிச் சாவுச் செய்திகள் வந்தன. அந்த 1,500 சிறு தொகைதான்; ஆனால் மாதாமாதம் வரும் சிறு தொகைக்கு ஒரே தடவையில் வரும் பெரிய தொகைக்கு இல்லாத குணம் ஒன்றுண்டு. அதை உறவினர் கடன் கேட்க மாட்டார். அதை வைத்து யாரும் சீட்டுச் சேர்க்க வர மாட்டார்.

கணக்கு முடித்த மாதத்தில்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். செட்டில்மென்ட் வந்த ஊரில் மனை விற்பவரும், இரட்டிப்பு வட்டி தருகிறேன் என்பவரும், தவணையில் ஆட்டோ தருபவரும் ஒரே வாரத்தில் வந்து இறங்குவார்கள். முதல் ஆறு மாதத்துக்கான வீட்டுச் செலவைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தனியாகப் போட்டுவிட்டு, கந்துவட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் அடைத்துவிட்டு, மீதியை ஒரு வருடம் தொடாமல் இருந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் கல்யாணத்தை அந்தப் பணத்தில் அவசரமாக முடித்தவர்களின் கஷ்டம் அடுத்த ஆண்டு தெரியும். காகிதங்களில் அலட்சியம் கூடாது: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், சர்வீஸ் சான்று. கம்பெனி ஆபீஸ் பூட்டிய பிறகு இவற்றுக்காக யாரைத் தேடிப் போவது? பி.எஃப். கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகாமல் பணம் மாட்டிக்கொள்வது சர்வசாதாரணம். திருத்திக் கொடுக்க முதலாளி இருக்கும்போதே அதைத் திருத்திவிட வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு, 2018-ல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி கிடைக்க வழியுண்டு. அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. சங்கத்தையும் கலைத்துவிடக் கூடாது. மூடிய பிறகு வரும் பாக்கி வழக்குகளை நடத்தச் சங்கத்தைவிட்டால் ஆள் இல்லை.

தீவுகளில் வேலை போனவருக்கு எதிரே இருக்கும் வழிகள் குறைவு. அரசுத் துறையில் தினக்கூலி (தீவுகளில் எல்லோரும் சொல்லும் டி.ஆர்.எம். வேலை), மீன்பிடி, சுற்றுலா, இல்லையென்றால் சென்னைக்கு மூன்று நாள் கப்பல். சுற்றுலா வளர்ந்திருக்கும் ஹேவ்லாக், நீல் தீவுகள் ஹட் பேயிலிருந்தும் கச்சாலிலிருந்தும் வெகுதூரம். எண்ணெய்ப்பனைக் குலை வெட்டியவரை விடுதி வரவேற்பறையில் நிறுத்த முடியாது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அவருடைய மகளை நிறுத்தலாம்; அதற்கு அவள் பள்ளியில் இருக்கும்போதே யாராவது யோசித்திருக்க வேண்டும். 2002-ல் பத்து வயதில் இருந்த பிள்ளைக்கு 2017-ல் இருபத்தைந்து.

புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. வேலை இழந்தவருக்காக முதலாளி 15 நாள் சம்பளத்துக்கு நிகரான தொகையைக் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். யோசனை சரியான திசையில் இருக்கிறது. ஆனால் அது ஆட்குறைப்புக்கு மட்டும் என்று சட்டமே வரையறுத்துவிட்டது. மூடலில் வேலை இழந்தவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் அது வராது. மேலே பார்த்த கதைகளில் பெருமளவில் வேலை போனது இந்த இரண்டு வழிகளில்தான். அந்தச் சொல்லை மாற்றுவதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை; ஒரு திருத்தம் போதும்.

அதைவிட முக்கியமாக நான் கேட்பது, முடிவுத் தேதி தெரிந்த வேலைகளுக்கு முடிவுத் திட்டமும் சட்டப்படி இருக்க வேண்டும் என்பதை. குத்தகை நிலத்தில் நடக்கும் தோட்டம், நீதிமன்றம் படிப்படியாக நிறுத்தச் சொன்ன தொழில், சுரங்கம், கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கும் அரசுக் கழகம் இவற்றிலெல்லாம் கடைசிப் பத்து ஆண்டுகள் தொடங்கும்போதே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுமனை எங்கே என்பது எழுதப்பட வேண்டும். மூடல் அனுமதியும் கடைசித் தவணைப் பணமும் அந்த மனையின் பட்டா கைக்கு வந்த பிறகே செல்லுபடியாக வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களை வேறு துறைகளுக்கு மாற்றும் வேலை முதல் மூன்று ஆண்டுகளில் நடக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு நடக்காது. கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் வரப்போகின்றன, ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்கும் என்று இப்போது பேசுகிறார்கள். 1977-லும் தீவுகளுக்கு வேலையைச் சொல்லித்தான் கழகம் வந்தது. இந்த முறை ஆள் எடுக்கும் ஆணையோடு சேர்த்து, அந்த வேலை நிற்கும் நாளில் அவர்கள் எந்த மண்ணில் குடியிருப்பார்கள் என்ற விவரத்தையும் தீவு நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.